சேத்துப்பட்டு, ஜார்க்கண்ட், சோறு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவ மேற்படிப்பு முதலாண்டு மாணவி. காசநோய் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சென்ற மாதம், ஆய்வுக் கட்டுரைகளை விவாதிக்கும் எங்கள் துறையின் ஜர்னல் கிளப்பில் ‘ரேஷன்ஸ்’ ஆய்வைப் பற்றிப் பேசினேன். காசநோயாளியின் வீட்டாருக்குக் கூடுதலாக உணவு கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது குறைகிறது என்று 2023இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு அது. நான் முடித்ததும் எங்கள் பேராசிரியர், “சாப்பாட்டுக்கும் டிபிக்கும் சம்பந்தமில்லை என்று சென்னையிலேயே 1959இல் நிரூபித்துவிட்டார்கள் அம்மா. மாத்திரைதான் மருந்து” என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார்.

இரண்டுமே மதிக்கப்படும் ஆய்வுகள். இரண்டுமே நம் நாட்டில் நடந்தவை. ஒன்று சரியென்றால் மற்றது தவறாகத்தானே இருக்க வேண்டும்? என் அம்மாச்சியிடம் சொன்னால் சிரிப்பார். சீக்காளிக்கு முட்டையும் பாலும் கொடு என்று சொல்வதற்கு இத்தனை பணமும் இத்தனை வருடமும் எதற்கு என்பார். வார்டில் நோயாளிகள் என்னிடம் முதலில் கேட்பதே “என்ன சாப்பிடலாம்?” என்றுதான். “எல்லாம் சாப்பிடலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறேன்.

இன்னொன்று. தீசிஸ் தலைப்பைக் கொடுக்கச் சொல்லி கைடு நெருக்குகிறார். பழைய தீசிஸ் ஒன்றை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்று என்கிறார்கள் சீனியர்கள். ஆய்வு என்றாலே நம்பிக்கை போய்விடும் போலிருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் பேராசிரியர் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. அந்த ஆய்வின் முடிவு அறுபது ஆண்டுகளாக வகுப்பறைகளில் வாய்மாறி வாய்மாறித் தேய்ந்து, கடைசியில் அவரிடம் வந்து சேர்ந்த வடிவத்தைச் சொல்லியிருக்கிறார். மூலத்தையே பார்த்துவிடுவோம்.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தலைமை. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அதே இடத்தில் இருப்பது அதன் வாரிசுதான்.

அன்றைய மருத்துவ உலகம் உறுதியாக நம்பிய ஒன்று உண்டு. காசநோயாளி சானடோரியத்தில், அதாவது காசநோய்க்கான தனி மருத்துவமனையில், படுத்திருக்க வேண்டும். நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான உணவு, தாதியரின் கவனிப்பு வேண்டும். மருந்து அதற்கெல்லாம் மேல் ஒரு துணை. இந்த நம்பிக்கை தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே பெயரைக் கொடுத்தது. இன்றும் மின்சார ரயிலில் அந்தப் பெயரை அறிவிக்கிறார்கள்; இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்குக் காரணம் தெரியுமோ. சிக்கல் என்னவென்றால், நாட்டில் தொற்றுள்ள நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், கட்டில்களோ ஆயிரக்கணக்கில்தான். சானடோரியம் இல்லாமல் குணமாகாது என்பது உண்மையானால், பெரும்பாலானவர்களைக் கைவிடுவதைத் தவிர அரசுக்கு வேறு வழியில்லை.

ஆகவே சேத்துப்பட்டுக்காரர்கள் கேட்டது மிகக் குறுகலான ஒரு கேள்வி. ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தால், வீட்டிலிருப்பவரும் சானடோரியத்தில் இருப்பவரும் ஒரே அளவு குணமாவார்களா? சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரு தரப்புக்கும் ஐசோநயாசிட், பி.ஏ.எஸ். என்ற இரண்டே மருந்துகள். வீட்டுத் தரப்பினர் நெரிசலான அறைகளில் இருந்தார்கள், வேலைக்குப் போனார்கள், அரைகுறையாகச் சாப்பிட்டார்கள். அவர்களுடைய உணவு சானடோரிய உணவைவிட எவ்வளவு மட்டம் என்று அளந்து, 1961இல் தனிக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் எடை கூடுதலாக ஏறியது. ஆனால் சளியில் கிருமி மறைவதில், எக்ஸ்ரேயில் நோய் அடங்குவதில், இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வித்தியாசமில்லை. வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை என்பதை ஐந்தாண்டு பின்தொடர்ந்து 1966இல் காட்டினார்கள்.

இதன் பெருமையைக் குறைத்துப் பேச யாரையும் விடமாட்டேன். குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஒரு வருடம் எங்கோ போய்ப் படுக்க வேண்டியிருந்த பெண்களை வீட்டிலேயே இருத்திய ஆய்வு அது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் அது என்ன சொல்கிறது? மருந்து முறையாக உள்ளே போனால், ஏற்கெனவே நோய் வந்துவிட்ட ஒருவரின் கிருமியைக் கொல்ல நல்ல உணவு கட்டாயமில்லை. அவ்வளவுதான். ‘முறையாக உள்ளே போனால்’ என்பதைக் கவனியுங்கள். அந்த நோயாளிகளின் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். வீட்டுச் சிகிச்சை என்ற பெயரில் பிற்பாடு பல இடங்களில் நடந்தது மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்புவது.

நோய் ஏன் வருகிறது, வயிறு காய்ந்தவருக்கு வருவதற்கான வாய்ப்பு அதிகமா என்பதை அந்த ஆய்வு கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு நாம் பதிலை வரவழைத்துக்கொண்டோம். ‘குணமாக உணவு கட்டாயமில்லை’ என்பது ‘உணவு முக்கியமில்லை’ ஆகி, அதுவும் சுருங்கி ‘சம்பந்தமில்லை’ என்றாகிவிட்டது. பட்ஜெட் போடுகிறவர்களுக்கு இது எவ்வளவு வசதியான சுருக்கம் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி, நீங்கள் பேசிய ‘ரேஷன்ஸ்’ ஆய்வு நடந்த ஜார்க்கண்ட். மங்களூரு யெனெபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தம்பதியின் தலைமையில் 2019 ஆகஸ்டில் தொடங்கியது. நான்கு மாவட்டங்கள், 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் 10,345 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் சந்தால், ஹோ, முண்டா, ஒராவோன் போன்ற பழங்குடியினர். ஒரு தரப்பு வீடுகளில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள். நாளொன்றுக்குச் சுமார் 750 கலோரி, 23 கிராம் புரதம். மறுதரப்பு வீட்டாருக்கு இது கிடையாது. கூடுதல் உணவு பெற்ற 5,621 பேரில் 96 பேருக்கு நோய் வந்தது. பெறாத 4,724 பேரில் 122 பேருக்கு. மற்ற வித்தியாசங்களைச் சரிக்கட்டிக் கணக்கிட்டால் 39 சதவீதம் குறைவு. சளியில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம்.

சேத்துப்பட்டு நோயாளிகளைக் கேட்டது. ஜார்க்கண்ட் நோயாளியின் பக்கத்தில் படுத்திருப்பவர்களைக் கேட்டது. இரண்டுக்கும் சண்டையே இல்லை, ஆர். அடுத்த ஜர்னல் கிளப்பில் இதை மட்டும் சொல்லுங்கள். பேராசிரியர் நியாயமானவராக இருந்தால் ஏற்றுக்கொள்வார்.

ஆய்வைக் கொண்டாடுகிறவர்களிடமும் எனக்கு ஒரு கறார் உண்டு. 39 சதவீதம் என்பது மேடைக்கு ஏற்ற எண். அதே முடிவை 2.6 சதவீதம் 1.7 ஆனது என்றும் சொல்லலாம். ஆயிரம் பேருக்கு உணவு கொடுத்தால் ஒன்பது பேர் தப்புகிறார்கள். இரண்டும் ஒரே உண்மைதான். ஆதரிப்பவர் முதலாவதைச் சொல்வார், மறுப்பவர் இரண்டாவதை. நீங்கள் இரண்டையும் சொல்லப் பழகுங்கள். தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடைக்காது.

இன்னொரு நுட்பம். நோயாளிகளுக்கு மட்டும் இரு தரப்பிலும் உணவு கொடுத்தார்கள். அவர்களில் ஐந்தில் நான்கு பேர் எடை குறைந்தவர்கள். பாதிப் பேரை வெறும் வயிற்றோடு வைத்து ஒப்பிடுவது அறமாகாது என்று முடிவெடுத்தார்கள். சரியான முடிவு, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. உணவு கொடுத்தால் நோயாளி சாவது குறையுமா என்பதை இந்த ஆய்வால் குலுக்கல் முறையில் நிரூபிக்க முடியாது. கூடவே வந்த இன்னொரு கட்டுரையில், முதல் இரண்டு மாதத்தில் ஐந்து சதவீதம் எடை கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவு என்று காட்டினார்கள். நம்பிக்கையூட்டும் எண்தான். ஆனால் எடை கூடியதால் பிழைத்தாரா, பிழைத்துக்கொண்டிருந்ததால் எடை கூடியதா? கட்டிலருகே நிற்கும் உங்களுக்குத் தெரியும், பசி திரும்புவதே குணமாவதன் முதல் அடையாளம். உணவு உயிரைக் காக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன், பந்தயமும் கட்டுவேன். ஆனால் அது வேறு, நிரூபணம் வேறு.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. மறுதரப்பு வீடுகளில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பை வந்தது. பசித்த வீட்டில் அந்தப் பையை அவர் ஒருவரே சாப்பிட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? பிள்ளைகள் தட்டுக்கும் போயிருக்கும். போதாததற்கு கொரோனா காலத்தில் அரசின் கூடுதல் இலவச தானியமும் இருபுறமும் கிடைத்தது. ஆக, உண்மையான வித்தியாசம் கண்ட அளவைவிடப் பெரிதாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

அம்மாச்சி விஷயத்துக்கு வருகிறேன். முட்டை, பால் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். ஆனால் நோயாளி அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதையும் அந்தத் தலைமுறை அதே உறுதியோடு சொன்னது, அன்றைய பேராசிரியர்களும் சேர்ந்தே சொன்னார்கள். ஒரே ஆய்வு முறைதான் ஒரு நம்பிக்கையைக் கவிழ்த்தது, மற்றொன்றை நிலைநிறுத்தியது. முன்கூட்டியே எது விழும், எது நிற்கும் என்று சொல்ல வழியில்லை. தவிர, எவ்வளவு அரிசி, எத்தனை மாதம், யாருக்கெல்லாம் என்று நிதித்துறைச் செயலாளர் கேட்பார். அம்மாச்சியிடம் அதற்குப் பதில் கிடையாது.

காசநோயாளியின் உணவுக்காக அரசு பணம் தரும் நிக்ஷய் போஷண் திட்டத்தில் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018இல் தொடங்கினார்கள். 2024 நவம்பரில் 1,000 ஆனது. இந்த உயர்வைக் கேட்டு வாதாடியவர்கள் கையில் ஜார்க்கண்டின் எண்கள் இருந்தன.

தீசிஸ். ஊர்ப் பெயரை மாற்றும் கலை எனக்குத் தெரியாததில்லை. பதவி உயர்வுக்குக் கட்டுரை கட்டாயம், பட்டத்துக்கு ஆய்வேடு கட்டாயம் என்று விதி போட்டவர்கள், வாசிக்க ஆள் உண்டா என்று பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கில் அச்சாகி, பைண்டு செய்யப்பட்டு, நூலகத்தில் கரையானுக்குப் போகிறது. இதை ஆய்வு என்று நினைத்து நம்பிக்கை இழக்காதீர்கள்.

ஜார்க்கண்ட் ஆய்வு எங்கிருந்து தொடங்கியது தெரியுமா? அனுராக் பார்கவா முன்பு சத்தீஸ்கரில் கனியாரி என்ற கிராமத்து மருத்துவமனையைத் தொடங்கியவர்களில் ஒருவர். அங்கே வந்த 1,695 நுரையீரல் காசநோயாளிகளை எடைபோட்டு எழுதிவைத்தார்கள். 2013இல் அதை வெளியிட்டபோது, ஆண்களின் நடுவெடை (வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் எடை) 42 கிலோ, பெண்களுடையது 34 கிலோ. இந்தக் கட்டுரைக்குத் தேவைப்பட்டது ஓர் எடை இயந்திரம், ஒரு பதிவேடு, தினமும் எழுதும் பிடிவாதம்.

நம் மாநிலத்தில் 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ அந்த வகைதான். நோய் உறுதியானதும் சுகாதாரப் பணியாளர் மூன்றைப் பார்க்கிறார். எடை அபாயகரமாகக் குறைந்திருக்கிறதா, மூச்சு இரைக்கிறதா அல்லது ஆக்சிஜன் குறைகிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா? ஒன்றில் தேறாவிட்டாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவர் என்று குறிக்கிறார். எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் செய்யக்கூடியது.

தலைப்பு கேட்டீர்கள். உங்கள் வார்டுக்கு வரும் காசநோயாளிகளைச் சேரும் அன்றும் இரண்டு மாதம் கழித்தும் எடைபோடுங்கள். கூட வரும் மனைவியை, அம்மாவை, பிள்ளைகளையும் நிறுத்தி எடைபோடுங்கள். அவர்களைத்தான் நாம் ஒருபோதும் எடைபோடுவதில்லை. முன் அனுமதி, நெறிமுறைக் குழு எல்லாம் வழக்கம்போல. வார்டில் எடை இயந்திரம் கெட்டுக்கிடந்தால் (கிடக்கும்) கண்காணிப்பாளருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

“என்ன சாப்பிடலாம்?” என்று கேட்பவருக்கு, வழக்கமான சாப்பாட்டையே கூடுதலாக, பருப்பும் முட்டையும் சேர்த்து என்று சொல்லுங்கள். மருந்துக்கடை டப்பாவில் விற்கும் புரதப் பொடியை வாங்கக் கடன் பட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு எண் பதிவாகி அந்த ஆயிரம் ரூபாய் வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லையென்றால் மாவட்டக் காசநோய் அலுவலகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். டாக்டர் பேசினால் எடுப்பார்கள்.

அன்புடன்.