டிரேடிங் வகுப்பும் இரண்டு பவுன் செயினும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போக 24,000 கைக்கு வருகிறது. டிரேடிங் வகுப்பு ஒன்றில் சேரலாம் என்றிருக்கிறேன். ஒரு மாதம், பங்குச் சந்தை நடக்கும்போதே, லைவ் மார்க்கெட்டிலேயே ஆப்ஷன் (ஒரு பங்கையோ குறியீட்டையோ குறித்த விலையில், குறித்த நாளுக்குள் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) சொல்லித் தருகிறார்கள். கட்டணம் 35,000, ஜிஎஸ்டி சேர்த்து 41,300. சான்றிதழ் உண்டு. மனைவியின் இரண்டு பவுன் செயினை அடகு வைக்கச் சம்மதம் வாங்கிவிட்டேன். யூடியூபிலேயே எல்லாம் இருக்கிறது என்கிறார் நண்பர். காசு கட்டினால்தான் ஒழுங்காகப் படிப்போம் என்று எனக்குத் தோன்றுகிறது. சேரலாமா?

வாசகர், ஓசூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் என் சித்தப்பா மகனின் நோட்டு ஒன்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடாமல் எடுத்து வைத்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

சான்றிதழை விடுங்கள், அதைக் காட்டினால் யாரும் வேலை தரப்போவதில்லை. யூடியூபா வகுப்பா என்பதும் பெரிய விஷயமில்லை. அடிப்படை தெரிய வேண்டுமென்றால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபிக்காக, அதன் பயிற்சி நிறுவனம் என்ஐஎஸ்எம் நடத்தும் முதலீட்டாளர் தேர்வு இலவசம். அதற்குப் படியுங்கள்.

ஆனால் ‘லைவ் மார்க்கெட்’ என்றதுமே எழுந்து வந்திருக்க வேண்டாமா? பாடம் மட்டும் நடத்துகிறவர் கடந்த மூன்று மாத விலையை வைத்து எந்தப் பங்கையும் பெயர் சொல்லிப் பேசக்கூடாது என்று 2025 ஜனவரியிலேயே செபி தெளிவாக்கிவிட்டது. அதற்கு மேல் பேசுகிறவருக்குச் செபி பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டீர்களா? ஜிஎஸ்டி வரை கணக்குப் போட்ட உங்களுக்கு இது தோன்றவில்லையே!

சரி, நோட்டுக்கு வருகிறேன். அந்தச் சித்தப்பா மகன், என் தம்பி, 2021-இல் கோவையில் ஒரு ஹோட்டல் ஹாலில் மூன்று நாள் வகுப்புக்குப் போனான். விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டும் மெழுகுவத்திப் படங்களைப் பச்சை, சிவப்பு ஸ்கெட்ச்சால் வரைந்து, டோஜி, ஹேமர் என்று அவற்றின் பெயரைக் கீழே எழுதியிருக்கிறான். பள்ளியில்கூட அவன் கையெழுத்து இவ்வளவு அழகாக இருந்ததில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம். உள்ளே, இரண்டு அடிக்கோட்டுடன்: ‘பயம்தான் முதல் எதிரி.’

அதுவரை அவனுக்குப் பயம் இருந்தது. ஒரு வங்கிப் பங்கில் பத்து வாங்க எனக்கு மூன்று முறை போன் செய்வான். வகுப்பு முடிந்து வந்தவன் கேட்பதை நிறுத்திவிட்டான். ஐம்பது பெரிய பங்குகளின் குறியீடான நிஃப்டியின் ஆப்ஷன்கள் வாரந்தோறும் காலாவதியாகும் நாள், அதாவது எக்ஸ்பைரி, அப்போது வியாழக்கிழமை. மதியத்துக்கு மேல் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆப்ஷன் வாங்குவான். சந்தை அசையாமல் கிடந்தாலே போதும், ஆப்ஷனுக்குக் கொடுத்த விலையான பிரீமியம் மூன்றரை மணிக்குள் கரைந்து பூஜ்யமாகிவிடும். அடுத்த வியாழனும் வாங்குவான். வீட்டுக்கு அஸ்திவாரம் போட வைத்திருந்த ஆறு லட்சம் எட்டு மாதத்தில் போனது.

என் அப்பா விருதுநகரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதினார். மல்லியும் வத்தலும் வாங்கி இருப்பு வைக்கிற மண்டி. முப்பது வருடம் அதிலேயே ஊறிய முதலாளி, குடோனில் சரக்கு கிடக்கும் வரை சரியாகத் தூங்கமாட்டார். விடியற்காலையில் வந்து மூட்டைக்குள் முழங்கை வரை கைவிட்டு, அடியிலிருந்து ஒரு வத்தலை எடுத்து ஒடித்துப் பார்ப்பார். அந்தப் பயம்தான் அவரைக் கடன் வாங்கிச் சரக்குப் போடவிடாமல் காப்பாற்றியது. பயம் எதிரி என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் மண்டியை விட்டே துரத்தியிருப்பார். உங்களுக்கும் பயம் இருக்கிறது, இல்லையென்றால் எனக்கு எழுதியிருக்கமாட்டீர்கள். அதை 41,300 கொடுத்துத் தொலைக்கப் பார்க்கிறீர்கள்.

செபி 2024 செப்டம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில், அதாவது ஃப்யூச்சர், ஆப்ஷன் வியாபாரத்தில், இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அதில் 100-க்கு 93 பேருக்கு நஷ்டம். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 100-க்கு ஒருவர். அத்தனை பேரும் ஒன்றும் தெரியாமல் வந்தவர்களா? இரண்டு வருடம் தொடர்ந்து தோற்றவர்களில் முக்கால்வாசிக்கு மேல் திரும்பவும் வந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு என் தம்பியின் வியாழக்கிழமைகள்தான் ஞாபகம் வந்தன.

மனைவியிடம் சம்மதம் வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். என்ன சொல்லி வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. அந்த 93 பேரைப் பற்றிச் சொன்னீர்களா? இன்று ராத்திரி சாப்பிட்டபின் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அதுவரை செயின் அவர் கழுத்திலேயே இருக்கட்டும்.