அந்த ஊர் விரதத்துக்கு என்ன பெயர்?

(வெளிநாட்டில் சைவச் சாப்பாடு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள். பதில் சொல்பவர், நூற்பாலை இயந்திரங்களைப் பொருத்தித் தருவதற்காக 26 ஆண்டுகள் நாடு நாடாகப் போய்வந்த கோவை சர்வீஸ் இன்ஜினீயர். இப்போது ஓய்வில் இருக்கிறார்.)

கேள்வி: நானும் கணவரும் எட்டு நாள் வியட்நாம் போகிறோம். அவர் முட்டைகூடத் தொடமாட்டார். டூர்க்காரர் மூன்று வேளையும் இந்திய ஓட்டல்தான் என்கிறார். அவ்வளவு தூரம் போயும் பனீர் பட்டர் மசாலாதானா? உள்ளூர்ச் சாப்பாட்டில் எங்களுக்கு எதுவுமே தேறாதா? (வாசகி, ஈரோடு)

தேறும், தாராளமாகவே தேறும். டூர்க்காரரிடம் ஒரு வேளையை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

வியட்நாமில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு சொல்: 'சாய்'. அவர்கள் ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள் என்பதால் கடைப் பலகையில் சி, எச், ஏ, ஒய் என்ற நான்கு எழுத்தைத் தேடினால் போதும். 'கோம் சாய்' என்றால் சைவச் சோற்றுக் கடை. 'ஃபோ சாய்' என்றால் இறைச்சி போடாத நூடுல்ஸ் சூப். 'பான் மி சாய்' என்றால் நீள ரொட்டிக்குள் டோஃபுவும் ஊறவைத்த கேரட்டும் கொத்தமல்லியும்.

இந்தச் சொல் சுற்றுலாப் பயணிகளுக்காக வந்ததில்லை. அது அவர்களுடைய விரதத்தின் பெயர். புத்த மதத்தைச் சேர்ந்த பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் கறி மீன் சாப்பிடுவதில்லை. நம் கணக்கில் ஏறக்குறைய அமாவாசையும் பௌர்ணமியும். அன்றைக்குச் சாய் கடைகளில் இடம் கிடைக்காது, நடைபாதையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு விற்கும் அம்மாள்கூட அன்று மட்டும் சாய் சமைப்பார். காலண்டரைப் பார்த்து அந்த நாளில் அங்கே இருக்கும்படி அமைந்தால் உங்களுக்கு யோகம். ஹுவே நகரத்துக்குப் போகிறீர்கள் என்றால் நாள் பார்க்கவே வேண்டாம். கோயில்கள் நிறைந்த ஊர், சாய் சமையலுக்குப் பேர் போனது. பலாப்பிஞ்சை வேகவைத்துப் பிய்த்து, எள்ளும் மூலிகை இலைகளும் போட்டுப் பிசைந்து, அரிசி அப்பளத்தோடு தருவார்கள். சாய் கடையிலேயே கேட்டு வாங்குங்கள், மற்ற இடங்களில் அதில் இறால் இருக்கும்.

சாய் கடைக்கு வெளியேதான் கவனம் வேண்டும். அங்கே உப்புக்குப் பதிலாக மீன் சாறு, 'நுவக் மம்'. தட்டில் வெறும் வள்ளைக்கீரைப் பொரியல்தானே என்று நினைப்போம், அதிலும் இருக்கும். சாய் கடையில் சோயா சாறுதான். ஆனால் அங்கே மெனுவில் கோழி, இறால் என்றெல்லாம் படம் போட்டிருப்பார்கள். பயப்பட வேண்டாம், எல்லாம் சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்த பாவனை. எனக்கு அது பிடிப்பதில்லை. கறியை விட்டவனுக்குக் கறி வேடம் எதற்கு?

உங்கள் கணவருக்கு இன்னொன்று. ஹனோயில் 'முட்டைக் காபி' பிரபலம். மஞ்சள் கருவை நுரைக்க அடித்து மேலே ஊற்றுவது. பார்க்க நம் ஃபில்டர் காபி நுரை மாதிரியே இருக்கும், ஏமாந்துவிடப் போகிறார். மில்க்மெய்ட் ஊற்றிய காபியாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: 'நோ மீட், வெஜிடேரியன்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் எந்த ஊரிலும் புரியாதா? (வாசகர், நாகர்கோவில்)

புரியும். அவர்கள் புரிந்துகொள்வது நாம் நினைத்ததாக இருக்காது, அவ்வளவுதான். 2011இல் பார்சிலோனாவில் ஐடிஎம்ஏ ஜவுளி இயந்திரக் கண்காட்சி நடந்தபோது ஒரு சின்ன உணவகத்தில் 'சின் கார்னே', அதாவது கறி இல்லாமல், என்று ஸ்பானிய மொழியிலேயே பெருமையாகச் சொன்னேன். அவரைக்காய் வந்தது, மேலே பன்றித் தொடையின் சிவப்புத் துணுக்குகளோடு. கேட்டால் அந்தப் பெரியவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "இது கார்னே இல்லையே, ஹாமோன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் கறி வேறு, ஹாமோன் வேறு. இன்னும் சில ஊர்களில் மீனும் கறிக் கணக்கில் வராது.

அதனால் 'நான் சைவம்' என்று சொல்லி நிறுத்தாதீர்கள். மாடு, பன்றி, கோழி, மீன், இறால், எலும்புச் சாறு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்று அந்த ஊர் மொழியில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டல் வரவேற்பில் இருப்பவர் இரண்டே நிமிடத்தில் எழுதித் தருவார். என் பர்ஸில் பதினோரு நாட்டுச் சீட்டு இருந்தது.

கேள்வி: மகனுக்கு எத்தியோப்பியாவில் வேலை கிடைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் சைவத்துக்கு என்ன செய்வான் என்று அவன் அம்மா தூங்குவதில்லை. (வாசகர், திருப்பூர்)

அவரைத் தூங்கச் சொல்லுங்கள். நான் போன நாடுகளில் சைவக்காரனுக்கு மிகச் சுலபமானது எத்தியோப்பியாதான் என்றால் யாரும் நம்புவதில்லை.

அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் அதிகம். வாரந்தோறும் புதன், வெள்ளி விரதம். ஈஸ்டருக்கு முன் 55 நாள் தொடர் விரதம். இவை போக இன்னும் பல. விரதம் என்றால் கறி மட்டுமல்ல, பால், வெண்ணெய், முட்டையும் கிடையாது. அந்த விரதத்துக்குப் பெயர் 'த்ஸோம்'. உணவகத்தில் 'பேயாய்நெத்து' என்று கேட்டால் பெரிய வட்டத் தட்டில் இஞ்செராவை விரித்து, அதன் மேல் மசூர்ப் பருப்பு, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கீரை, பீட்ரூட், முட்டைக்கோஸ் என்று குவியல் குவியலாக வைத்துத் தருவார்கள். மற்ற நாட்களில் 'த்ஸோம் சாப்பாடு இருக்கிறதா' என்று கேட்டால் போதும், பல இடங்களில் இருக்கும்.

இஞ்செரா என்பது டெஃப் என்ற கசகசா அளவுத் தானியத்தை அரைத்து, கரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு ஒரு பக்கம் மட்டும் சுடும் பெரிய தோசை. மேலெல்லாம் ஆப்பம் போலக் கண் கண்ணாக இருக்கும். புளிப்பு நம் மாவைவிட ஒரு பிடி கூடுதல். முதல் வாரம் எனக்கு முகம் சுளித்தது, மூன்றாம் வாரம் அது இல்லாமல் முடியவில்லை. 'ஷிரோ' என்று ஒரு குழம்பு, கடலை மாவை மிளகாய்ப் பொடியோடு கொதிக்கவைத்து மண்சட்டியில் தளதளவென்று கொண்டுவருவார்கள். பூரிக்குச் செய்வோமே, அந்த பாம்பே சட்னிக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தால் எப்படி இருக்கும், அப்படி.

பஹர் தாரில், டானா ஏரிக்கரையில், ஒரு மில் வேலையாக ஐந்து வாரம் இருந்தேன். அங்கே ஒரு எச்சரிக்கை: ஏரி மீன் ஏராளம். விரத நாளில் மீன் சாப்பிடலாம் என்பவர்களும் உண்டு. 'அசா' என்றால் மீன், அந்தச் சொல்லைப் பையனுக்குச் சொல்லிக் கொடுங்கள். தயிர் இல்லாமல் அவனால் முடியாது என்றால், விரதம் இல்லாத நாளில் 'எர்கோ' கேட்கட்டும், அது தயிர்தான்.

அப்புறம், கூடச் சாப்பிடுகிறவர்கள் தங்கள் கையால் உருட்டி அவன் வாயில் ஊட்டுவார்கள். அதற்கு 'குர்ஷா' என்று பெயர். கூச்சப்பட்டுத் தலையைத் திருப்பக் கூடாது. மில்லின் ஃபோர்மேன், என்னைவிட ஓர் அடி உயரம், முதல் நாள் மதியம் எனக்கு ஊட்டினார். கடைசியாக எனக்கு யாராவது ஊட்டியது எப்போது என்று யோசித்துக்கொண்டே மென்றேன்.

கேள்வி: மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பான் போகிறேன். அங்கே சைவம் கஷ்டம் என்கிறார்கள், உண்மையா? (வாசகர், ஓசூர்)

உண்மை. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். 675இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சிக்குத் தடை போட்ட நாடு அது. பல நூற்றாண்டு கழித்து 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்ட செய்தியே புதுயுகத்தின் அறிவிப்பு மாதிரி ஆனது. அந்தத் தடைப் பட்டியலில் மீன் இல்லை. அதுதான் இன்றைக்கு உங்கள் பிரச்சினை. 'தாஷி' என்ற சாறு எல்லாவற்றிலும் இருக்கும், அது பெரும்பாலும் உலர்த்திச் சீவிய மீனில் எடுப்பது. மிசோ சூப், சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த பூசணிக்காய், எதையும் நம்ப முடியாது.

அங்கேயும் விரதச் சொல் உண்டு: 'ஷோஜின்'. புத்த மடத்துச் சமையல். ஒரு சனி ஞாயிறு கிடைத்தால் கோயாசான் மலைக்குப் போய்விடுங்கள். ஒசாகாவிலிருந்து ரயிலும் கேபிள் காரும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கூகாய் என்ற துறவி 816இல் தொடங்கிய இடம், ஐம்பது மடங்கள் அளவில் தங்க இடம் தருகின்றன. மாலை ஐந்தரைக்கே சாப்பாடு வந்துவிடும், ஏழு மணிக்கு டிபன் சாப்பிடுகிற நமக்குக் கொஞ்சம் அநியாயம்தான். சின்னச் சின்னக் கிண்ணங்களில் எள் டோஃபு (இதில் சோயாவே கிடையாது, எள்ளும் கிழங்கு மாவும்தான்), உறையவைத்து உலர்த்திய கோயா டோஃபு, காய்கறி தெம்புரா, ஊறுகாய், சோறு. சாறு கடற்பாசியிலும் காளானிலும் எடுத்தது. வெங்காயம் பூண்டு கிடையாது. இரவு பத்து மணிக்குப் பசிக்கும், பையில் முறுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தினசரிக்கு? டோக்கியோ ரயில் நிலையத்துக்குள்ளேயே டீஸ் தான்தான் என்ற ராமென் (நூடுல்ஸ் சூப்) கடை, முழுக்கத் தாவர உணவு. மற்றபடி ஒரு சின்ன ரைஸ் குக்கர் வாங்கிவிடுங்கள். ஜப்பான் அரிசி ஒட்டும். பிரியாணிக்கு ஆகாத அரிசி, ஆனால் தயிர்சாதத்துக்கென்றே விளைந்தது. சர்க்கரை போடாத தயிர் எல்லாக் கடையிலும் இருக்கும். தொட்டுக்கொள்ள 'உமேபோஷி' என்ற உப்புப் பிளம், நம் உப்பு நார்த்தங்காய்க்குச் சித்தப்பா மகன். டப்பாவில் 'காட்சுவோ' என்று இருந்தால் மட்டும் வைத்துவிடுங்கள், அது மீன்.

கேள்வி: இத்தாலி டூரில் சீஸ் சாப்பிடலாமா? சைவம்தானே? (வாசகி, சேலம்)

பார்மிஜானோ (பார்மேசன்) சீஸை உறையவைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். விதியே அப்படி. பெக்கொரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டி. சாப்பிடுவதும் விடுவதும் உங்கள் முடிவு, நான் விட்டுவிட்டேன். மிலான் ஊர்க் குங்குமப்பூச் சோறு, ரிசோட்டோ, மஞ்சளாக அப்பாவி போல இருக்கும், மரபுப்படி அதில் மாட்டெலும்பு மஜ்ஜை. 2015 கண்காட்சியின்போது அங்கே பீட்சா மரினாராதான் எனக்குத் துணை. பெயரில் கடல் இருக்கிறதே தவிர மீன் இல்லை, சீஸும் இல்லை. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவே. ஜெனோவா பக்கம் போனால் 'ஃபரினாதா' கேளுங்கள், கடலை மாவு அடை.

கேள்வி: எழுபது வயது அம்மாவைத் தைவானில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். வெங்காயம், பூண்டுகூட ஆகாது. பட்டினிதான் கிடக்கப் போகிறாரா? (வாசகர், கும்பகோணம்)

உங்கள் அம்மா உலகத்தில் வெளியே நிம்மதியாகச் சாப்பிடக்கூடிய ஊர் ஒன்று உண்டு என்றால் அது தைவான்தான். அங்கே சொல் 'சூ'. அந்த எழுத்தைத் தம்பியிடம் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள். பல கடைகளில் கூடவே சுவஸ்திகச் சின்னமும் இருக்கும், நம்முடையதற்கு எதிர்ப்புறம் சுற்றும். புத்த மரபுப்படி வெங்காயம், பூண்டு வகைகளையும் விலக்குகிறவர்கள் அவர்கள். பொட்டலங்களில் முழுச் சைவம், முட்டை உண்டு, பால் உண்டு, இரண்டும் உண்டு, வெங்காயம் பூண்டு உண்டு என்று ஐந்து வகையாகப் பிரித்து அச்சடிக்கிறார்கள். அம்மாவுக்கு முதல் வகை.

மதியச் சாப்பாட்டுக்கு பஃபே கடைக்கு அழைத்துப் போங்கள். முப்பது நாற்பது தட்டில் கீரை, கத்தரிக்காய், மூங்கில் குருத்து, டோஃபு எல்லாம் இருக்கும். வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் தட்டைத் தராசில் வைத்து எடைக்குக் காசு. நான் தைச்சூங்கில் முதல் நாள் இது தெரியாமல், வீட்டில் வழக்கம்போலக் குழம்பைத் தட்டு நிறைய ஊற்றிக்கொண்டேன். கல்லாப்பெட்டி அம்மாள் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குழம்பில் பாதியை ஒரு கிண்ணத்தில் வடித்துவிட்டு மறுபடி எடை போட்டார். அம்மாவிடம் சொல்லிவையுங்கள்: குழம்பை அளவாக, சூப் பல கடைகளில் இலவசம்.