புதிய தொழில்நுட்பத்துக்கு மாநில அரசு மானியம் தரலாமா, வரிப்பணம் வீண்தானே?

கேட்பவர் கல்லூரி விவாத மேடைக்குத் தயாராகிறார் போலிருக்கிறது. எனக்குப் பொருளாதாரம் தெரியாது. ராணிப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், அந்த அளவுக்குத்தான் பதில். தரலாம். ஆனால் செய்து தோற்றதற்கும் சேர்த்துத் தர வேண்டும்.

பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் 40 சதவீதம் வரை உப்பு போடுவார்கள். டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், அதை அப்படியே ஊறப்போட்டால் உப்பு முழுக்கக் கழிவுநீரில் இறங்கிவிடும். பதனிடப் போடும் குரோமியத்தையாவது படியவைத்து எடுக்கலாம். உப்பு கரைந்தால் கரைந்ததுதான், கடைசியில் தண்ணீரை ஆவியாக்கித்தான் பிரிக்க வேண்டும். கரண்ட் பில்லை நினைத்துப் பாருங்கள். அதனால் ஊறப்போடும் முன்பே தோலை உதறிவிடுவது நல்லது. கையால் உதறுகிறவருக்குக் கண்ணெல்லாம் எரியும். ஓட்டை போட்ட உருளையில் போட்டுச் சுற்றினால் தானே உதிரும். இது என் கண்டுபிடிப்பு இல்லை, முன்பே இருப்பதுதான். சின்ன டேனரிக்காரர் வாங்கும் விலையில் ஒன்று செய்ய ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

ஏலச் சீட்டைத் தள்ளி எடுத்து முதல் உருளையைச் சாதா இரும்பில் செய்தேன். உப்பு அதைத் தின்றுவிட்டது. இரண்டாவது எவர்சில்வர். துருப்பிடிக்கவில்லை, ஆனால் ஆட்டுத்தோல் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. மூன்றாவதில் உள்ளே மரக்கட்டைகள் வைத்து வேகத்தைக் குறைத்த பிறகுதான் சரியாக வந்தது.

இதற்கு நடுவில் ஓர் அலுவலகத்தில் மானியம் கேட்டேன். "மெஷினுக்குக் கொட்டேஷன் எங்கே சார்?" என்றார்கள். நான்தானே செய்கிறேன், எனக்கு நானே கொட்டேஷன் கொடுத்துக்கொள்வதா? பழைய இரும்புக் கடைக்குப் போன இரண்டு உருளைக்கும் பில் இல்லை, அதனால் அது செலவே இல்லையாம். அதே வருடம் பக்கத்துப் பட்டறைக்காரர் வெளியிலிருந்து கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷின் வாங்கினார், மூலதன மானியம் கிடைத்தது. அவர் மேல் பொறாமை இல்லை. (கொஞ்சம் உண்டு.)

புது யோசனையைச் செய்து பார்க்க அரசு பணம் தரும் இன்னவேஷன் வவுச்சர் இருக்கிறதே என்று யாராவது கிளம்புவீர்கள். ஆமாம், தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் 2 லட்சம், 5 லட்சம் என்று இரண்டு வகையாகத் தருகிறது. நல்ல திட்டம்தான், நான் கடனெல்லாம் அடைத்த பிறகு வந்தது.

டேனரி முதலாளிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்றும் சொல்ல வேண்டாம். 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று சொல்லி, டேனரிக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. சரியான தீர்ப்பு. ஆனாலும் பல டேனரிகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் மத்திய, மாநில அரசுகளின் மானியம் இருக்கிறதே? உப்பு தண்ணீரில் கலந்தபின் செலவழிக்கலாம், கலக்கும் முன் உதறுகிறவனுக்குக் காசில்லை, இது என்ன கணக்கு? (உதறிய உப்பை எங்கே கொட்டுவது என்று கேட்காதீர்கள், அது தனி வழக்கு.)

பாலாற்றைக் கெடுத்தவர்கள் என்று எங்களைத் திட்டும் சென்னைக்காரர்களுக்கும் ஒன்று. 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர் என்று உங்களுக்குத் தண்ணீர் வந்தபோது, எங்கள் தெருவில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தோம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது உருளை இன்னும் வாணியம்பாடிப் பக்கம் ஒரு டேனரியில் ஓடுகிறது. பார்க்க ஆசையிருந்தால் நான் பேரிங் மாற்றப் போகிற அன்றைக்கு வாருங்கள், மற்ற நாளில் வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார்.