டோரத்தியின் செருப்பு ஏன் சிவப்பானது?

வாசகர் கேள்வி – பதில்

எல். ஃபிராங்க் பாம் 1900-ல் எழுதிய சிறுவர் நாவலை எம்.ஜி.எம். நிறுவனம் 1939-ல் 'தி விஸார்ட் ஆஃப் ஓஸ்' என்று படமாக்கியது. அந்தப் படம் பற்றிய கருத்துகளையும் சந்தேகங்களையும் எழுதச் சொல்லியிருந்தோம். பாராட்டும் புகாருமாகக் கடிதங்கள் வந்தன. கதை மறந்தவர்களுக்கு நாலு வரி: கான்சாஸ் மாநிலத்துப் பண்ணையில் எம் என்ற அத்தை, ஹென்றி மாமாவோடு வளரும் சிறுமி டோரத்தியை ஒரு சூறாவளி வீட்டோடு தூக்கி ஓஸ் நாட்டில் போடுகிறது. விழுந்த வீட்டுக்கு அடியில் ஒரு சூனியக்காரி நசுங்கிச் சாகிறாள். அவளுடைய மந்திரச் செருப்பு டோரத்திக்கு வந்துவிடுகிறது. அதைப் பறிக்க இன்னொரு கொடிய சூனியக்காரி துரத்துகிறாள். ஊர் திரும்ப வழி கேட்டு மரகத நகரத்து மந்திரவாதியைத் தேடிப் புறப்படுகிறாள். மூளை வேண்டும் சோளக்கொல்லை பொம்மை, இதயம் வேண்டும் தகர மனிதன், தைரியம் வேண்டும் சிங்கம் ஆகிய மூவரும் வழியில் சேர்ந்துகொள்கிறார்கள்.

கே: புத்தகத்தில் வெள்ளிச் செருப்பு. படத்தில் மாணிக்கச் சிவப்பு. இப்படி மாற்ற என்ன அவசியம்? (வாசகி, கும்பகோணம்)

ப: டெக்னிகலர் என்ற கலர்ப் பட முறைதான் காரணம். கலருக்காகச் செலவழித்து எடுக்கும் படத்தில், மஞ்சள் செங்கல் சாலைமேல் வெள்ளிச் செருப்பு நடந்தால் கண்ணில் நிற்காது. திரைக்கதை ஆசிரியர்களில் ஒருவரான நோயல் லாங்லி அதைச் சிவப்பாக்கினார். ஆனால் பளீர் சிவப்பில் செய்தால் அந்தக் கால டெக்னிகலரில் ஆரஞ்சுபோல விழும். அதனால் ஒவ்வொரு செருப்பிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சமிக்கிகளை அடர்ந்த குங்கும நிறத்தில் தைத்தார்கள். டோரத்தியின் நீலக் கட்டம் போட்ட கவுனிலும் இதே கதைதான். வெள்ளையாகத் தெரியும் கட்டங்களும் ரவிக்கையும் உண்மையில் வெளிர் ரோஜா நிறம். சுத்த வெள்ளை அந்த விளக்கு வெளிச்சத்தில் கண்ணைப் பறித்துவிடும்.

இந்த மாற்றத்துக்குச் சட்ட விளைவும் உண்டு. பாமின் நாவல் அமெரிக்காவில் 1956-லேயே காப்புரிமை முடிந்து பொதுச் சொத்தாகிவிட்டது. வெள்ளிச் செருப்பை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். மாணிக்கச் செருப்பு மட்டும் 1939 படத்தின் சொத்து. டிஸ்னி 1985-ல் 'ரிட்டர்ன் டு ஓஸ்' எடுத்தபோது அதைக் காட்டப் பணம் கட்ட வேண்டியிருந்தது.

கே: டோரத்தி கதவைத் திறந்ததும் பழுப்புப் படம் அப்படியே கலராக மாறுகிறதே! ஒரே ஷாட்டில் வெட்டே தெரியாமல் எப்படி எடுத்தார்கள்? (வாசகர், ஈரோடு)

ப: அந்த ஷாட்டில் பழுப்புப் படமே கிடையாது. முழுக்கக் கலர் படச்சுருளில்தான் எடுத்தார்கள். வீட்டின் உட்புறச் சுவர், கதவு, தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் பழுப்புச் சாயம் அடித்துவிட்டார்கள். கதவைத் திறப்பது டோரத்தியாக நடித்த ஜூடி கார்லண்ட் அல்ல, அவருடைய டூப். பழுப்பு நிறத்தில் தைத்த கவுன் போட்டுக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி நடந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கிவிடுவார். கேமரா வாசலைத் தாண்டி மெல்ல வெளியே போகும். அதற்குள் நீலக் கவுனோடு தயாராக நிற்கும் ஜூடி உள்ளே வருவார். அடுத்த முறை பார்க்கும்போது கதவு திறக்கிற கையோடு அந்த உருவம் ஒதுங்குவதைக் கவனியுங்கள். முகம் ஒரு நொடிகூடத் தெரியாது.

டெக்னிகலர் கேமராவுக்குள் ஒரு பட்டகம் இருக்கும். அது வெளிச்சத்தைப் பிரித்து மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்களுக்கு அனுப்பும். பிறகு ஒவ்வொன்றுக்கும் உரிய சாயத்தை ஒரே பிரதியின்மேல் ஏற்றுவார்கள். வெளிச்சம் இப்படி மூன்றாகப் பங்கு போவதால் செட்டில் விளக்குகளைக் கொட்டிக் கவிழ்க்க வேண்டும். வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிங்கமாக நடித்த பெர்ட் லார் அந்தச் சூட்டில் போட்டிருந்தது, நிஜச் சிங்கத் தோலால் செய்த, ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள உடை.

கே: பழைய வீடியோ கேசட்டில் கான்சாஸ் காட்சிகள் கறுப்பு வெள்ளை. இப்போது வாங்கிய டிஸ்க்கில் பழுப்பாக இருக்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா? (வாசகர், சிங்கப்பூர்)

ப: டிஸ்க் சரியாகத்தான் இருக்கிறது. 1939-ல் திரையிட்டபோது கான்சாஸ் பழுப்புச் சாயம் ஏற்றிய செபியாவில்தான் இருந்தது. 1949 மறுவெளியீட்டில் அந்தச் செலவை மிச்சம்பிடித்துச் சாதாரணக் கறுப்பு வெள்ளையாக அச்சடித்தார்கள். தொலைக்காட்சிக்கும் கேசட்டுக்கும் போனது அதுவே. படத்தின் 50-வது ஆண்டான 1989-ல்தான் வீடியோவில் செபியா திரும்பி வந்தது.

கெடுப்பது உங்கள் டிவியாக இருக்கலாம். மூன்றைச் சரிபாருங்கள். 'விவிட்' என்ற அமைப்பை மாற்றி 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' அமைப்பில் வையுங்கள். விவிட்டில் செபியா நீலம் பாய்ந்து சாம்பலாகும், செருப்பு ரோஜா நிறமாகும். அசைவை வழுவழுப்பாக்கும் 'மோஷன்' வசதியை அணையுங்கள். அது இருந்தால் பறக்கும் குரங்குகளைத் தாங்கும் கம்பி துருத்திக்கொண்டு தெரியும், செட் நாடக மேடையாகிவிடும். கடைசியாக, படத்தை இழுத்துத் திரை முழுக்க நிரப்பாதீர்கள். இதன் அகலமும் உயரமும் 1.37-க்கு 1. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழத்தான் வேண்டும்.

கே: மாணிக்கச் செருப்புக்கு ஊர் திரும்பும் சக்தி உண்டு என்று நல்ல சூனியக்காரி கிளிண்டாவுக்கு முதலிலேயே தெரியும். அப்போதே சொல்லாமல் ஒரு குழந்தையை இவ்வளவு அலைக்கழிப்பது அநியாயம் இல்லையா? (வாசகி, பாளையங்கோட்டை)

ப: நூற்றுக்கு நூறு நியாயமான புகார். ஓட்டை படத்தில் விழுந்தது, புத்தகத்தில் இல்லை. பாமின் நாவலில் நல்லவர்கள் இருவர். டோரத்தியை வரவேற்பவள் வடக்கின் சூனியக்காரி, ஒரு கிழவி. செருப்பில் ஏதோ மாயம் இருக்கிறது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். ரகசியம் தெரிந்த கிளிண்டா தெற்கே இருக்கிறாள். மந்திரவாதியின் பலூன் டோரத்தியை விட்டுவிட்டுப் பறந்த பிறகு, இன்னொரு பயணம் போய்த்தான் அவளைப் பார்க்க முடியும். நேரம் மிச்சம் பண்ண இருவரையும் ஒருத்தியாக்கிவிட்டார்கள். அதனால் முதல் காட்சியிலேயே விடை தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டு நிற்கும்படி ஆகிவிட்டது. 'சொல்லியிருந்தால் இவள் நம்பியிருக்க மாட்டாள்' என்று படம் சொல்லும் சமாதானம் எடுபடவில்லை.

கே: எல்லாம் கனவு என்று முடித்தது எனக்கு ஏமாற்றம். புத்தகத்தை நேசிப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள்? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: படத்தின் மற்ற மாற்றங்களுக்கெல்லாம் ஒரு நியாயம் சொல்ல முடியும். இதற்கு மட்டும் முடியாது.

நாவலின் கடைசி அத்தியாயம் ஒரு பக்கம்கூட வராது. டோரத்தி புல்வெளியில் உருண்டு எழுகிறாள். எதிரே புதிய பண்ணை வீடு. பழைய வீட்டைச் சூறாவளி கொண்டுபோய்விட்டதால் ஹென்றி மாமா கட்டியது. காலில் செருப்பு இல்லை. பறந்து வரும்போது பாலைவனத்தில் கழன்று விழுந்துவிட்டது. முட்டைக்கோஸுக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வந்த எம் அத்தை, ஓடிவரும் பிள்ளையை வாரி அணைத்து எங்கிருந்து வந்தாய் என்கிறாள். ஓஸ் நாட்டிலிருந்து என்கிறாள் இவள். போனதற்கு அந்தப் புது வீடே சாட்சி. பாம் பின்னால் எழுதிய ஓஸ் நாவல்கள் 13. அவற்றுள் 1910-ல் வந்ததில் அத்தையும் மாமாவுமே ஓஸில் குடியேறிவிடுகிறார்கள். அந்த நாடு அவ்வளவு நிஜம்.

படமோ கனவுக்காக முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறது. புத்தகத்தில் இல்லாத மூன்று பண்ணையாட்களைக் கொண்டுவந்து, பொம்மையாகவும் தகர மனிதனாகவும் சிங்கமாகவும் நடித்தவர்களையே அந்த வேடத்திலும் போட்டது. கொடிய சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன்தான் பக்கத்து வீட்டு மிஸ் கல்ச். வேலைப்பாடு நேர்த்தி என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது நிஜ இடம் என்று டோரத்தி கட்டிலில் இருந்து வாதாடும்போது சுற்றி நிற்கும் பெரியவர்கள் புன்னகைக்கிறார்கள். படம் அங்கே பெரியவர்கள் பக்கம் சாய்கிறது. குழந்தைகளுக்கான கதை குழந்தையின் பக்கம்தான் நிற்க வேண்டும்.

கே: ஐந்து வயது மகன் சூனியக்காரியைப் பார்த்து அழுகிறான். எந்தக் காட்சிகளைத் தாண்டிவிடலாம்? (ஒரு தாய், திருச்சி)

ப: நான்கு இடங்கள். சிவப்புப் புகையோடு அவள் முதலில் தோன்றுவது. தகர மனிதனின் குடிசைக் கூரையிலிருந்து தீப்பந்தை வீசுவது. பறக்கும் குரங்குகள் காட்டில் இறங்குவது. கோட்டையில் மணல் கடிகாரம் ஓட, பளிங்கு உருண்டையில் அத்தையின் முகம் சூனியக்காரியின் முகமாக மாறுவது. பிள்ளைகள் அதிகம் பயப்படுவது கடைசியில் சொன்னதற்கு. நம்பின முகமே மாறுகிறது அல்லவா? அதைத் தாண்டினாலும் கதை புரியும். தண்ணீர் பட்டு அவள் உருகும் காட்சியைத் தாண்டாதீர்கள். பயம் எப்படித் தீர்ந்தது என்று பிள்ளை பார்த்தாக வேண்டும்.

படத்துக்குப் பதிலாகப் புத்தகம் வாசித்துக் காட்டலாம் என்றால் மொத்தம் 24 அத்தியாயங்கள், தூங்கும் முன் ஒன்று வீதம் சரியாக வரும். 12-வதை மட்டும் முதலில் நீங்கள் படித்துவிடுங்கள். அதில் தகர மனிதன் 40 ஓநாய்களின் தலையை வெட்டுகிறான், பொம்மை 40 காக்கைகளின் கழுத்தைத் திருகுகிறது.

கே: கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அந்தச் சூறாவளியை எப்படி உண்டாக்கினார்கள்? (வாசகர், கோவை)

ப: துணியால்! தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பாளரான ஆர்னால்ட் கில்லெஸ்பி முதலில் ரப்பரில் ஒரு கூம்பு செய்து பார்த்தார். அது முறுக்கிக்கொள்ளவே இல்லை. பிறகு 35 அடி நீள மஸ்லின் துணிக் குழாய். மேல்முனையை அரங்கத்தின் உச்சியில் நகரும் இரும்புச் சட்டத்தில் மாட்டினார்கள். கீழ்முனை தரையிலிருந்த வளைந்த பள்ளத்துக்குள் போய் ஒரு தண்டில் இணைந்தது. மேலும் கீழும் வெவ்வேறு திசையில் இழுபட, குழாய் பாம்பாக நெளிந்தது. முறுக்கில் துணி கிழியாமலிருக்க நடுநடுவே கம்பி தைத்தார்கள்.

அடியிலிருந்து அழுத்தக் காற்றோடு ஃபுல்லர்ஸ் எர்த்தை ஊதினார்கள். நம் வீட்டில் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டிதான் அது. மஸ்லினின் நூலிழைகளுக்கு நடுவே அந்தத் தூசி கசிந்ததால் துணியின் விளிம்பு மறைந்து புகை மாதிரி ஆனது. ரப்பரில் இது நடந்திருக்காது. கேமராவுக்கு முன்னால் பஞ்சு ஒட்டிய கண்ணாடிகளை நகர்த்தி மேகம் காட்டினார்கள். வீடு வானத்திலிருந்து விழும் ஷாட்டுக்கு, வானம் வரைந்த தரைமேல் சின்ன மாதிரி வீட்டைப் போட்டுப் படம்பிடித்து, சுருளைப் பின்னிருந்து முன்னாக ஓட்டினார்கள்.

கே: நடிகர்களுக்கு உடம்புக்கு ஆகாமல் போனது உண்மையா? (வாசகி, சேலம்)

ப: உண்மை, வருத்தமான உண்மை. தகர மனிதனாக முதலில் நடித்த பட்டி எப்சன் முகத்தில் பூசிய அலுமினியத் தூளைச் சுவாசித்து மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்ந்தார். அவருக்குப் பதில் வந்த ஜாக் ஹேலிக்குத் தூளை விட்டுக் களிம்பாகப் பூசினார்கள். மார்கரெட் ஹாமில்டன் 1938 டிசம்பரில், தீயும் புகையுமாக மறையும் காட்சியில் நெருப்புப் பட்டு முகமும் கையும் வெந்து, ஆறு வாரம் படுத்துவிட்டார். பொறிக்கதவு வழியாக அவர் கீழே இறங்கி முடிப்பதற்குள் தீ மூண்டுவிட்டது. பச்சைப் பூச்சில் செம்பு கலந்திருந்ததால் வெந்த தோலிலிருந்து அதை ஆல்கஹால் வைத்துத் துடைத்தெடுக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தவர் தீக்காட்சிகளில் இனி நடிப்பதில்லை என்று மறுத்தார். சரியான முடிவு.

கே: மூளை கிடைத்ததும் சோளக்கொல்லை பொம்மை சொல்லும் கணக்குச் சரியா? (கணித ஆசிரியர், மதுரை)

ப: தப்பு. 'இருசமபக்க முக்கோணத்தில் எந்த இரண்டு பக்கங்களின் வர்க்கமூலங்களைக் கூட்டினாலும் மூன்றாம் பக்கத்தின் வர்க்கமூலம் கிடைக்கும்' என்கிறது பொம்மை. பித்தாகரஸ் சொன்னது செங்கோண முக்கோணத்துக்கு. அங்கே வருவது வர்க்கம், வர்க்கமூலம் அல்ல. இரண்டு பக்கம் 1, 1 என்று வைத்துக்கொண்டால் மூலங்களின் கூட்டல் 2. ஆக மூன்றாம் பக்கம் 4. ஒன்றும் ஒன்றும் சேர்ந்து இரண்டு நீளமே வரும்போது நான்கு நீளப் பக்கத்தை எப்படி மூடுவது? எந்த முக்கோணத்துக்கும் இது பொருந்தாது. வகுப்பில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டிப் பிள்ளைகளையே தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

கே: 'சின்னப் பூச்சி ஒன்றை முன்னால் அனுப்பியிருக்கிறேன்' என்கிறாள் சூனியக்காரி. பூச்சி வரவே இல்லையே? (வாசகர், நாகர்கோவில்)

ப: வந்தது, வெட்டிவிட்டார்கள். கடித்தவர்களை ஆட வைக்கும் 'ஜிட்டர்பக்' பூச்சிக்கு ஒரு முழுப் பாட்டும் நடனமும் எடுத்து, முன்னோட்டக் காட்சிக்குப் பிறகு நீளம் கருதி நீக்கினார்கள். வசனம் மட்டும் தங்கிவிட்டது. அதே முன்னோட்டங்களின்போது 'ஓவர் தி ரெயின்போ' பாட்டையும் தூக்கப் பார்த்தார்கள். நல்லவேளை தப்பியது. சிறந்த பாடலுக்கான ஆஸ்கரும் வாங்கியது.

கே: மஞ்சள் சாலைக் காட்சியில் தூரத்தில் மரத்தில் ஒரு ஆள் தூக்கில் தொங்குவதாகச் சொல்கிறார்களே? (வாசகர், சென்னை)

ப: அது பறவை. காடு உயிரோட்டமாகத் தெரியட்டும் என்று பெரிய பறவைகளை செட்டில் விட்டிருந்தார்கள். பழைய கேசட்டின் மங்கலில் அது வெறும் நிழல். புதுப்பித்த பிரதியில், டோரத்தியும் பொம்மையும் தகர மனிதனும் சாலையில் ஆடிக்கொண்டே விலகிப்போகும்போது மரங்களுக்குப் பின்னால் பாருங்கள். அது சிறகை விரிப்பது தெளிவாகத் தெரியும்.