கேசினோ ஊரில் வீடு வாங்கலாமா?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். அட்லாண்டிக் சிட்டியில் கேசினோக்களுக்கு நாலு தெரு தள்ளி, மேலும் கீழுமாக இரண்டு போர்ஷன் உள்ள வீடு மலிவாக வருகிறது. கேசினோ ஊழியர்களுக்கு வாடகைக்கு விடலாம், கேசினோ இருப்பதால் விலையும் ஏறும் என்கிறார் தரகர். நம்பலாமா?

பதில்: வாடகைக்கு ஆள் கிடைப்பார்கள். விலை ஏறும் என்பதை நம்பாதீர்கள். அந்த ஊரில் நடந்தது வேறு.

கேசினோக்களை அனுமதித்த 1976 வாக்கெடுப்புக்குப் பிறகு, 1978 மே மாதம் அங்கே முதல் கேசினோ திறந்தது. ஏறியது மனை விலைதான். கேசினோக்காரர் வந்து அள்ளிக் கொடுப்பார் என்று ஊரின் இன்லெட் என்ற பகுதியில் பலர் வீடுகளை வாங்கிப்போட்டுக் காத்திருந்தார்கள். இடிபடப்போகும் வீட்டுக்கு யார் கூரை மாற்றுவார்? வீடுகள் ஒழுகின, காலியாயின, சில எரிந்தும் போயின. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் எக் ஹார்பர் டவுன்ஷிப், கேலோவே என்று பக்கத்து ஊர்களில் குடியேறினார்கள். 1970-இல் 47,859 பேர் இருந்த ஊரில் 1990-இல் 37,986 பேர்தான். அத்தனை ஆயிரம் வேலைகள் வந்த ஊர் அது!

அடுத்த அடி வரியில் விழுந்தது. பென்சில்வேனியாவில் கேசினோக்கள் வந்ததும் இங்கே வருமானம் சரிந்தது. 2014-இல் மட்டும் நான்கு மூடின. சுமார் 8,000 பேருக்கு வேலை போனது. அவர்களை நம்பி வாடகைக்கு விட்டவர்கள் நிலையை நினைத்துப் பாருங்கள். திறந்திருந்த கேசினோக்களும், சொத்து வரி குறைய, தங்கள் கட்டட மதிப்பைக் குறைக்கச் சொல்லி வழக்காடின. போர்கட்டா என்ற ஒரு கேசினோவுக்கே நகரம் திருப்பித் தரவேண்டியிருந்த வரி 16.5 கோடி டாலர்; 2017-இல் 7.2 கோடிக்குச் சமரசமானது. வரியில் கேசினோக்களின் பங்கு குறைந்தாலும் ஊர்ச் செலவு குறையாதே. பாரம் வீட்டுக்காரர்கள் தலையில் விழுந்தது. சொத்து வரிக்குப் பதிலாக, வருமானத்தை வைத்துக் கேசினோக்கள் ஒரு தொகை கட்டும் சட்டம் 2016-இல் வந்தது. அது பத்து ஆண்டுகளுக்கானது, 2026 வரை. பிறகு வரும் ஏற்பாட்டைப் பொறுத்து உங்கள் வரியும் மாறலாம். போதாததற்கு, நியூயார்க் நகரிலேயே மூன்று கேசினோக்களுக்கு 2025 டிசம்பரில் உரிமம் தந்துவிட்டார்கள்.

ஆகவே தரகரின் வாடகைக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, அந்த வீட்டின் பத்தாண்டுச் சொத்து வரி ரசீதுகளைக் கேளுங்கள். இப்போது குடியிருப்பவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். இரண்டு போர்ஷனும் கேசினோ சம்பளத்தில் ஓடினால், ஒரே மூடலில் இரண்டு வாடகையும் நிற்கும். கடலேற்றத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும் ஊர் என்பதால் வெள்ளக் காப்பீட்டு பிரீமியத்தையும் கேட்டுவிடுங்கள்.

அதே பணத்தை நான் போடுவதானால், ஊருக்குள் ஸ்டாக்டன் பல்கலைக்கழக வளாகம் இருக்கும் செல்சி பக்கம் பார்ப்பேன். கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் கேலோவே, எக் ஹார்பர். பல்கலைக்கழகம், மருத்துவமனை, மத்திய அரசின் விமானப் போக்குவரத்து ஆய்வு மையம் எல்லாம் அங்கே உண்டு. கேசினோ மூடினாலும் அங்கே வேலை செய்பவர்களுக்கு மாதச் சம்பளம் வரும்.