கேள்வி பதில்: ஆறு முட்டையும் ஒரு பிடி அரிசியும்

கமலா ஹாரிஸ் படித்த ஹோவர்டு பல்கலைக்கழகம் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்டது என்று போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த இதழில் மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு அதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

*கறுப்பினக் கல்லூரி என்று தனியாக எதற்கு அண்ணாச்சி? ஒதுக்கி வைப்பது தப்பு என்று சொல்லிவிட்டுத் தனியாகவும் ஒன்று நடத்துவது முரண் இல்லையா?*
- கல்லூரி மாணவி, திசையன்விளை

தங்கச்சி, கதவைச் சாத்தினது அவர்கள் இல்லையே. அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றம். தென் கரோலினா 1740லேயே அதற்குச் சட்டம் போட்டுவிட்டது. உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் அடிமைமுறை ஒழிந்தபோது நாற்பது லட்சம் பேருக்கு விடுதலை கிடைத்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது, இருந்த கல்லூரிகளில் அநேகமாக எதுவும் அவர்களைச் சேர்க்கவும் செய்யாது. அப்புறம் அவர்களுக்கு வேறு என்ன வழி?

போருக்கு முன்பே வட பகுதியில் மூன்று தொடங்கியிருந்தன: பென்சில்வேனியாவில் செய்னி (1837), லிங்கன் (1854), ஓஹையோவில் வில்பர்ஃபோர்ஸ் (1856). போர் முடிந்த பிறகு ஃபிஸ்க், ஹோவர்டு, மோர்ஹவுஸ், ஹாம்ப்டன் என்று வரிசையாக வந்தன. ஹாம்ப்டன் வளாகத்தில் ஒரு பெரிய ஓக் மரம் நிற்கிறது. போர் நடந்துகொண்டிருந்த 1861இலேயே மேரி பீக் என்கிற கறுப்பின ஆசிரியை அதன் நிழலில் உட்கார்ந்து, அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். மரம் இன்னும் பச்சையாக இருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்கு என்னவோ செய்கிறது.

1964க்கு முன், கறுப்பின மக்களுக்குக் கல்வி கொடுப்பதையே முதன்மை நோக்கமாக வைத்துத் தொடங்கிய கல்லூரி என்பதுதான் கறுப்பினக் கல்லூரிக்கு அமெரிக்கச் சட்டம் சொல்கிற விளக்கம். இப்போது சுமார் 100 இருக்கின்றன.

*இதற்கெல்லாம் பணம் யார் கொடுத்தது? வெள்ளைக்காரச் செல்வந்தர்கள் போட்ட பிச்சை என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்.*
- ஓய்வு பெற்ற தபால்காரர், கல்லிடைக்குறிச்சி

செல்வந்தர்கள் கொடுத்தார்கள், மிஷன் சபைகளும் கொடுத்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. அட்லாண்டாவில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் 1881இல் 11 பெண்களோடு தொடங்கிய ஸ்பெல்மன் கல்லூரிக்கு அந்தப் பெயர் வந்ததே ராக்ஃபெல்லர் மனைவியின் குடும்பப் பெயரால்தான். ஆனால் பிச்சை என்று சொல்லாதீர்கள் அண்ணாச்சி.

அலபாமாவில் டஸ்கீகி என்று ஒரு ஊர். 1881 ஜூலை 4 அன்று புக்கர் டி. வாஷிங்டன் அங்கே ஒரு ஒழுகுகிற குடிசையில் சுமார் 30 மாணவர்களோடு பள்ளி தொடங்கினார். மழை பெய்தால் மாணவர்களில் ஒருவர் எழுந்து வந்து ஆசிரியருக்குக் குடை பிடிப்பார், பாடம் நிற்காது. வாஷிங்டனே அடிமையாகப் பிறந்தவர். கட்டடத்துக்குச் செங்கல் வாங்கக் காசில்லாமல் மாணவர்களை வைத்தே அறுக்கச் சொன்னார். மூன்று காளவாசல் போட்டு மூன்றும் வீணாய்ப் போனது, கையிலிருந்த பணமும் தீர்ந்தது. கடைசியில் தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நாலாவது காளவாசலுக்குத் தீ மூட்டினார். அது வெந்தது. ஆனால் அடகுக் கெடு தாண்டிப்போய், கடிகாரம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

அந்த நாட்களில் எழுபது வயசு மதிக்கத்தக்க ஒரு பாட்டி, கந்தலானாலும் சுத்தமான உடையில், கம்பு ஊன்றிக்கொண்டு அவரைப் பார்க்க வந்ததை வாஷிங்டன் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். என் வாழ்நாள் முழுக்க அடிமையாகவே போயிற்று, என்னிடம் பணம் இல்லை, சேர்த்து வைத்த இந்த ஆறு முட்டையை இந்தப் பிள்ளைகளின் படிப்புக்குப் போடுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனாராம். பின்னாளில் எவ்வளவோ பெரிய நன்கொடைகள் வந்தும் எதுவும் தன்னை இந்த அளவுக்குத் தொடவில்லை என்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு என் ஆச்சி ஞாபகம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பாள், ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். ஆச்சி கைநாட்டுதான். நம்ம பக்கத்து விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலையும் வீடு வீடாகப் பிடி அரிசி வாங்கி நடந்த பள்ளிதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தங்கள் வாயைக் கட்டி, யாரோ ஒரு பிள்ளை படிக்கட்டும் என்று கொடுத்த காசு இது. அந்தக் கல்லூரிகளைப் பற்றி எதைப் பேசினாலும் நான் இங்கேயிருந்துதான் தொடங்குவேன்.

ஃபிஸ்க் கல்லூரி கடனில் மூழ்கி மூடப்போகிற நேரத்தில், 1871இல் ஒன்பது மாணவ மாணவிகள் பாடகர் குழுவாகப் புறப்பட்டார்கள். தாய் தகப்பன் தோட்டங்களில் பாடிய அடிமைப் பாடல்களை மேடையில் பாடி ஊர் ஊராகப் போனார்கள், 1873இல் இங்கிலாந்தில் விக்டோரியா ராணி முன்னாலும் பாடினார்கள். அந்தப் பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் நாஷ்வில் நகரத்தில் இன்றும் நிற்கிறது. புளோரிடாவில் மேரி மெக்லியாட் பெத்தூன் 1904இல் ஒன்றரை டாலரை வைத்துக்கொண்டு ஐந்து பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். மரப்பெட்டிதான் மேசை, பழச்சாறுதான் மை. சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பலகாரம் சுட்டு விற்றுப் பள்ளியை நடத்தினார். இன்று அது பெத்தூன் குக்மன் பல்கலைக்கழகம்.

*டஸ்கீகியில் செங்கல் அறுக்கவும் தச்சு வேலை செய்யவும்தான் சொல்லிக்கொடுத்தார்களாமே. இது நம்ம குலக்கல்வித் திட்டம் மாதிரி அல்லவா இருக்கிறது?*
- ஆசிரியர், அம்பாசமுத்திரம்

நல்ல கேள்வி. முழுக்க ஒன்றில்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்து, மறு வருஷமே காமராஜர் கைவிட்ட திட்டத்தில் பிள்ளை அரை நாள் அப்பன் தொழிலைப் பழக வேண்டும். டஸ்கீகியில் தொழில் பிறப்பைப் பார்த்து வரவில்லை. வாஷிங்டன் கணக்கு வேறு: முதலில் கையில் தொழிலும் காசும் வரட்டும், மரியாதையும் உரிமையும் பின்னால் வரும்.

ஆனால் உங்கள் சந்தேகம் அன்றைக்கே ஒருவருக்கு இருந்தது. ஃபிஸ்கில் படித்த டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். கறுப்பினப் பிள்ளைக்குத் தொழில் மட்டும் போதும் என்று நாமே சொன்னால் மற்றவர்களுக்கு அது எவ்வளவு வசதி, லத்தீனும் தத்துவமும் வரலாறும் எங்களுக்கும் வேண்டும், ஓட்டும் இப்போதே வேண்டும் என்பது அவர் கட்சி. வாஷிங்டன் எந்தக் காலத்தில், யாருக்கு நடுவில் நின்று பேசினார் என்பது புரிகிறது. இருந்தாலும் நான் டுபாய்ஸ் பக்கம்தான். ஹோவர்டின் சட்டக் கல்லூரி இல்லாவிட்டால் தர்குட் மார்ஷல் இல்லை. 1933இல் அங்கே வகுப்பில் முதலாவதாகத் தேறியவர் அவர். பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்ற 1954ஆம் வருஷத்துத் தீர்ப்பை வாதாடி வாங்கியவரும், 1967இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவரும் அவரே.

*கறுப்பின மாணவர்கள் மட்டும்தான் சேரலாமா?*
- வாசகர், சங்கரன்கோவில்

யாரும் சேரலாம். இன்று சுமார் நாலில் ஒருவர் வேறு இனத்தவர். மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்டில் வெள்ளை மாணவர்கள்தான் அதிகம்.

*படிப்பு சரி, அங்கே கேம்பஸ் வாழ்க்கை எப்படி? மற்ற கல்லூரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?*
- இரண்டு தோழிகள், பாளையங்கோட்டை

வருஷம் ஒரு தடவை கோயில் கொடைக்கு மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊர்க்காரர்கள் வந்து இறங்குவார்கள் இல்லையா, அவர்களுடைய ஹோம்கமிங் அப்படித்தான். இலையுதிர் காலத்தில், படித்து முடித்து நாற்பது வருஷமானவர்கூடப் பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். கால்பந்து ஆட்டம் ஒரு சாக்கு. வளாகத்தின் நடுவில் இருக்கிற புல்வெளியை யார்டு என்பார்கள், எல்லாரும் கூடுவது அங்கேதான்.

அப்புறம் பேண்ட். கொடையில் நையாண்டி மேளம் உச்சத்துக்குப் போகும்போது உடம்பு தானாக ஆடுமே, அதை நூற்றுக்கணக்கான பேர் சீருடையில், பித்தளை வாத்தியங்களோடு, ஒரே அடியாகக் கால் வைத்துச் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிற டிரம் மேஜர் தலை தரையைத் தொடுகிற மாதிரிப் பின்னால் வளைவார். ஆட்ட இடைவேளையில் யாரும் இருக்கையை விட்டு எழுந்து போவதில்லை, பலர் வருவதே அந்த இடைவேளைக்காகத்தான். புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் பேண்டை, பிரெஞ்சுப் புரட்சியின் 200ஆவது ஆண்டு அணிவகுப்புக்கு 1989இல் பாரிஸுக்கே அழைத்தார்கள்.

கிரேக்க எழுத்துப் பெயர் வைத்த சங்கங்கள் ஒன்பது இருக்கின்றன. கமலா ஹாரிஸ் சேர்ந்த ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா 1908இல் ஹோவர்டிலேயே பிறந்தது. காலைத் தட்டிக் கையைத் தட்டி ஆடுகிற ஸ்டெப்பிங் இவர்களுடையது. படிப்பு முடிந்தாலும் சங்க உறவு விடுவதில்லை, ஆயுசுக்கும் அக்கா தங்கைதான். 2024 தேர்தலில் தோற்ற மறுநாள் கமலா ஹாரிஸ் பேச வந்து நின்றதும் அந்த ஹோவர்டு வளாகத்தில்தான்.

வித்தியாசம் கேட்டீர்களே. வேறு இடத்தில் வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினப் பெண்ணாக உட்கார்ந்து, தன் இனத்துக்கே பதில் சொல்கிற பாரம் இங்கே கிடையாது. தப்பாகப் பதில் சொன்னால் அது அவள் தப்பு மட்டும்தான். குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கின எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

*காந்திக்கும் இந்தக் கல்லூரிகளுக்கும் தொடர்பு உண்டா?*
- வாசகர், நாங்குநேரி

நிறைய. ஹோவர்டு பல்கலைக்கழகத் தேவாலயத்தின் தலைவர் ஹோவர்டு தர்மன் 1936இல் பர்தோலியில் காந்தியைச் சந்தித்தார். அதே வருஷக் கடைசியில் பெஞ்சமின் மேஸ் வார்தாவுக்குப் போனார். அவர் பின்னால் மோர்ஹவுஸ் கல்லூரியின் தலைவரானார், அங்கே 15 வயசில் வந்து சேர்ந்த பையன் மார்ட்டின் லூதர் கிங்.

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினா ஏ அண்ட் டி கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் நாலு பேர் கிரீன்ஸ்பரோவில் ஒரு கடைக்குள் வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டு மேடை முன்னால் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை, அவர்களும் எழுந்திருக்கவில்லை. ஹாஸ்டல் அறையில் ராத்திரி ராத்திரியாகப் பேசி எடுத்த முடிவு அது. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள், பென்னட் கல்லூரிப் பெண்களும் வந்தார்கள், சில வாரத்தில் பல மாநிலங்களுக்குப் பரவியது. ஜூலையில் அந்தக் கடை இறங்கி வந்தது.

இன்னொன்று. கிங் 1959இல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் படித்த பள்ளி. தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றிருந்தது, பிறகு யோசித்து, ஆமாம், நான் அதுதான் என்று சொல்லிக்கொண்டாராம். அந்தப் பயணத்தில் நம்ம கன்னியாகுமரிக்கும் வந்து, சூரியன் கடலில் இறங்குவதையும் நிலா ஏறுவதையும் பார்த்துவிட்டுப் போனார்.

*மகளுக்கு நியூ ஆர்லியன்ஸ் சேவியர் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. சொந்தக்காரர்கள் அது கறுப்பர் கல்லூரி, தரம் இருக்காது, அனுப்பாதே என்கிறார்கள். அனுப்பலாமா?*
- ஒரு தகப்பனார், தென்காசி

சொந்தக்காரர்கள் நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்கிறார்கள், அதை முதலில் தள்ளுங்கள். நம்ம பாளை சேவியர்ஸ் மாதிரியே புனித சவேரியார் பெயரில், கேத்தரின் டிரெக்சல் என்ற கன்னியாஸ்திரி தொடங்கிய கல்லூரி அது. மருத்துவப் படிப்புக்குக் கறுப்பின மாணவர்களை அதிகம் அனுப்புவதில் நாடு முழுக்கப் பேர் பெற்றது.

பணம்தான் விசாரிக்க வேண்டிய விஷயம். சேவியர் தனியார் கல்லூரி, கட்டணம் கூடுதலாகத்தான் இருக்கும். பொதுவாகவே இந்தக் கல்லூரிகளுக்குக் கைப்பணம் குறைவு. அரசுக் கல்லூரிகளிலும் இதே கதைதான், கறுப்பினக் கல்லூரிகளுக்கு 16 மாநிலங்கள் முப்பது வருஷத்தில் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைத்துக் கொடுத்திருக்கின்றன என்று 2023இல் அமெரிக்க மத்திய அரசே கடிதம் எழுதியது. அதனால் ஸ்காலர்ஷிப் நாலு வருஷமும் உண்டா, முதல் வருஷம் மட்டுமா, மதிப்பெண் குறைந்தால் நிறுத்துவார்களா, ஹாஸ்டலில் இடம் உறுதியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அங்கே படிக்கிற இந்தியப் பிள்ளை யாராவது இருந்தால் தொடர்பு கேட்டு, மகளையே நேரில் பேசச் சொல்லுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், தாராளமாக அனுப்பி வையுங்கள் அண்ணாச்சி.