160 ஏக்கரும் 35 ஏக்கரும்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் தரப்பான ஒன்றியப் படையில் இருந்த மத்திய மேற்குப் பகுதி விவசாயி ஒருவரின் வாழ்க்கை எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் டேனியல் ஃப்ரீமன்.

1826இல் ஓஹையோவில் பிறந்து இல்லினாயில் வளர்ந்த இவர், போரின்போது ஒன்றியப் படையில் பணியாற்றியதாகத் தாமே சொல்லிவந்தார். குடியேறிப் பயிரிடுவோருக்கு அரசு நிலத்தை இனாமாகத் தரும் குடியேற்ற நிலச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்று, விடுப்பு முடிந்து படைக்குத் திரும்பும் அவசரத்தில், நெப்ராஸ்காவின் பிரவுன்வில் நில அலுவலகத்தை நள்ளிரவு கழிந்ததுமே திறக்கவைத்து நிலம் கோரும் மனுவைப் பதிந்தார் என்பது பலரும் சொல்லும் கதை. மனுவின் எண் 1 என்பது உண்மை; ஆயினும் அன்றே வேறு அலுவலகங்களிலும் பலர் பதிந்திருக்கிறார்கள்.

போரில் இறந்த தம் சகோதரர் ஜேம்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த அயோவாப் பெண் ஆக்னஸ் சூட்டருக்குக் கடிதங்கள் எழுதியே அவருடைய சம்மதத்தைப் பெற்று, 1865இல் மணந்துகொண்டார்.

நள்ளிரவுக் கதையைவிட, பட்டாவுக்காக அவர் தரப்பில் சாட்சிகள் கொடுத்த வாக்குமூலமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிரிட்டதை இருவர் உறுதிசெய்தால்தான் 160 ஏக்கரும் சொந்தமாகும். அவர்கள் கண்டு சொன்னவை இவை: பாதி மரக்கட்டைகளாலும் பாதி பலகைகளாலும் 14க்கு 20 அடியில் கட்டிய ஒற்றைத்தள வீடு, அதற்கு இரண்டு கதவுகள், இரண்டு சன்னல்கள், ஒரு தொழுவம், மக்காச்சோளக் களஞ்சியம், 40 ஆப்பிள் மரங்கள், ஏறத்தாழ 400 பீச் மரங்கள், 100 அடி நீளத்தில் ஓர் ஆட்டுக் கொட்டகை. குடும்பம் 280 சதுர அடிக்குள் ஒடுங்கியிருக்க, ஆடுகளுக்கு நூறடி! அத்தனை ஆண்டு உழைப்புக்குப் பிறகும் உழுது வேலியிட்டுப் பயிரிட்டது சுமார் 35 ஏக்கர்தான். புல்வேர்கள் பின்னிக் கிடந்த அந்தப் புல்வெளியை ஏருக்குப் பழக்குவது அவ்வளவு கடினம்.

நிலம் இனாம் என்றாலும் கட்டணமாக மொத்தம் 18 டாலர் செலவாயிற்று. அந்த வட்டாரமோ, அமெரிக்க அரசுடன் செய்த 1854 உடன்படிக்கை வரை ஓட்டோ, மிசூரியா என்னும் பூர்வகுடி மக்களின் மண்ணாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதுமையிலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியை பைபிள் வாசிப்பதை எதிர்த்து வழக்காடி, 1902இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றத்தில் வென்றார். 1908 டிசம்பரில் இறந்த அவரை, பியாட்ரிஸ் ஊருக்கு அருகே அதே நிலத்தில்தான் புதைத்தார்கள்.